200–500 லென்ஸுக்கு 1.4 டெலிகன்வெர்ட்டர்: லாபமா, நட்டமா? (லிந்துலையில் எடுத்துப் பார்த்தது)

மூடுபனி_லிந்துலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கோன் டி7200, 200–500 எஃப் 5.6 லென்ஸ். போன மாதம் கொழும்பில் ஒருவரிடம் பாவித்த டிசி-14இ மூன்றாம் பதிப்பு ஒன்று கிடைத்தது, வாங்கிவிட்டேன். டிசி என்றால் டெலிகன்வெர்ட்டர், கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டி உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்குகிற கண்ணாடி. 500 மிமீ 700 ஆகும், டி7200இல் பார்க்க 1050 மாதிரி இருக்கும், ஹக்கலைப் பூந்தோட்டத்தில் மர உச்சியில் உட்காருகிற குருவியெல்லாம் கைக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வந்ததும் முதல் வேலையாகச் சோதித்தேன். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ட்ரைபொட்டை வைத்து, எதிர் மலையில் இருக்கிற தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) பெயர்ப் பலகையைப் பிடித்தேன். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கும். டிசி இல்லாமல் பத்துப் படம், போட்டுப் பத்துப் படம். கம்ப்யூட்டரில் இரண்டையும் நூறு வீதத்தில் வைத்துப் பார்த்தால், டிசி போட்டதில் எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் கஞ்சிக்குள் விழுந்த மாதிரி குழைந்து போயிருக்கிறது. ஒரு படத்தில் எழுத்தின் கொம்பு தெரிகிறது, அடுத்த படத்தில் அதைக் காணவில்லை. டிசி இல்லாத படம் சின்னதாக, துப்புரவாக இருக்கிறது.

மூன்று மாதச் சேமிப்பு இது. விற்றுவிடலாமா?

ஹப்புத்தளை_காற்று எழுதியது:

தம்பி, இதைத்தான் நான் இங்கே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். டிசி வீண் செலவு. நான் எப்போதும் கவ்வாத்து ஆள், படத்தின் ஓரங்களை வெட்டி நடுவை மட்டும் எடுப்பவன். 600இல் எடு, வீட்டுக்கு வந்து வெட்டு, முடிந்தது கதை. சிக்மா 150–600 வைத்துக்கொண்டு ஒரு நாளும் எனக்கு டிசி தேவைப்படவில்லை. விற்றுவிட்டு நல்ல ட்ரைபொட் ஒன்று வாங்கு.

பழைய_நெகட்டிவ் எழுதியது:

விற்பதற்கு முன் நாலு கேள்வி. எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? கமராவுக்கும் பலகைக்கும் நடுவில் என்ன இருந்தது? ட்ரைபொட்டில் வைத்தபோது விஆர் (நடுக்கம் குறைக்கிற வசதி) போட்டிருந்ததா? ஃபோகஸ் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கிற துளை) வழியாகவா, லைவ் வியூவிலா (பின் திரையில்)?

மூடுபனி_லிந்துலை எழுதியது:

சேர், காலை பதினொன்று இருக்கும். நல்ல வெயில், அதனால்தான் அந்த நேரத்தை எடுத்தேன். நடுவில் கீழ் லயங்களின் தகரக் கூரைகள், அப்புறம் ஆறு, அப்புறம் தேயிலை. விஆர் போட்டபடியேதான் இருந்தது. ஃபோகஸ் வியூஃபைண்டரில், நடுப் புள்ளியில்.

பழைய_நெகட்டிவ் எழுதியது:

அப்படியானால் நீங்கள் சோதித்தது டிசியை அல்ல, தகரக் கூரையை.

வெயில் ஏறிய தகரத்துக்கு மேல் காற்று கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஆடும். கண்ணுக்குத் தெரியாது, 500 மிமீக்குத் தெரியும், 700க்கு இன்னும் நன்றாகத் தெரியும். அடுத்தடுத்த படத்தில் கொம்பு வருவதும் போவதும் அதனால்தான். லென்ஸ் கெட்டிருந்தால் பத்துப் படமும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். படத்துக்குப் படம் மாறினால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள், அடுத்தது ட்ரைபொட்டை, அடுத்தது ஃபோகஸை. கண்ணாடி கடைசியில்தான்.

ஒரு கிலோமீட்டர் காற்றை 1.4 மடங்கு பெரிதாக்கினால் 1.4 மடங்கு கலங்கிய காற்றுத்தான் கிடைக்கும். நம் ஊரில் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில், தகரமும் தார் ரோட்டும் சூடாகுமுன், இருபது முப்பது மீட்டரில் வைத்துப் பாருங்கள். குருவி எடுக்கிற தூரமும் அதுதானே.

அடுத்தது, நீங்கள் ஒப்பிட்ட விதம். இரண்டு படத்தையும் நூறு வீதத்தில் வைத்தால் டிசி போட்டதுதான் எப்போதும் தோற்கும். லென்ஸ் விட்ட பிழையையும் சேர்த்துத்தானே அது பெரிதாக்குகிறது. டிசி இல்லாத படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கி, எழுத்து இரண்டிலும் ஒரே அளவில் வரும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேள்வி "எது துப்புரவு" என்பதல்ல, "எதில் கூட விவரம் இருக்கிறது" என்பதுதான்.

புதுசு_பதுளை எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் கெனன் 55–250 இருக்கிறது. அதற்கு கெனனின் 1.4 போடலாமா?

பழைய_நெகட்டிவ் எழுதியது:

முடியாது தம்பி. அந்த எக்ஸ்டெண்டரின் (கெனன் டிசிக்கு வைத்த பெயர்) முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். உங்கள் லென்ஸின் பின் கண்ணாடியில் போய் முட்டும். அழுத்திப் பார்க்கவே வேண்டாம். வேறு கம்பனிகள் துருத்தாமல் செய்கிறார்கள், மாட்டலாம். ஆனால் எஃப் 5.6 எஃப் 8 ஆகிவிடும் (எண் கூடினால் வெளிச்சம் குறையும்), உங்கள் கமரா அந்த இருட்டில் ஃபோகஸ் தேடித் தேடிக் களைத்துவிடும்.

ஹப்புத்தளை_காற்று எழுதியது:

சேர், காற்று விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம்? 1.4 போட்டால் ஒரு ஸ்டொப், அதாவது பாதி வெளிச்சம், போகிறது. ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) 800இல் எடுக்கிற படத்தை 1600இல் எடுக்க வேண்டும். நொய்ஸ், படத்தில் தெரிகிற குருணை, ஏறும். கவ்வாத்தில் அந்தச் செலவே இல்லை.

பழைய_நெகட்டிவ் எழுதியது:

இருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

500ஐ 5.6ஆல் வகுத்துப் பாருங்கள்: வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம் 89 மிமீ. 700ஐ 8ஆல் வகுத்தால் 87.5. எண்களை முழுமையாக்கியதால் வருகிற சின்ன வித்தியாசம், வேறொன்றும் இல்லை. குருவியைப் பார்க்கிற வாசல் இரண்டிலும் ஒன்றேதான். குருவியிலிருந்து வருகிற அதே வெளிச்சத்தை டிசி இரண்டு மடங்கு பரப்பில் பரப்பி விடுகிறது. நீங்கள் வெட்டும்போது சென்சரில் பாதியைத் தூக்கி வீசுகிறீர்கள், 24 மெகாபிக்சல் 12 ஆகிறது. மிஞ்சிய பாதியைப் பெரிதாக்கும்போது நொய்ஸும் கூடவே பெரிதாகும். கடைசியில் ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் இரண்டின் நொய்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஹப்புத்தளை_காற்று எழுதியது:

வாசலும் ஒன்று, வெளிச்சமும் ஒன்று என்றால் டிசியால் கிடைப்பதுதான் என்ன?

பழைய_நெகட்டிவ் எழுதியது:

ஸ்டோரில் தூள் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை அதேதான், சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் இன்னும் நுணுக்கமாகப் பிரியும். டிசி செய்வது அதுதான்.

டி7200இன் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரோன் (மிமீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்). 20 மீட்டரில், 500 மிமீயில், ஒரு பிக்சலுக்குள் 0.16 மிமீ அகலம் அடங்கும். 700இல் 0.11 மிமீ. அதற்காக வந்த தேயிலையே கழிவென்றால் சல்லடையை மாற்றி என்ன பயன்? காற்று கலங்கினால், ஃபோகஸ் தவறினால், கை ஆடினால் சின்னக் கண்ணால் ஒரு லாபமும் இல்லை. பிக்சல் ஏற்கனவே சிறிதாக இருக்கிற கமராவிலும் லாபம் குறையும்.

இன்னொன்று. டிசி போட்டதும் "ஒரு ஸ்டொப் மூடினால் கூர்மையாகும்" என்று எஃப் 11க்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை வெளிச்சத்தில் ஒரு புள்ளி எஃப் 8இல் சென்சரில் 10.7 மைக்ரோன் வட்டமாகப் பரவும், எஃப் 11இல் 14.8. மூடுவதால் லென்ஸின் பிழை கொஞ்சம் குறையும், இந்தப் பரவல் கூடும், ஷட்டரும் பாதியாகும். எஃப் 9 வரை போய்ப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஹட்டன்_அக்கா எழுதியது:

கணக்கெல்லாம் சரி சேர். நான் கணக்கில் வராத செலவைச் சொல்கிறேன். என்னுடையது கெனன் ஆர்7, ஆர்எஃப் 100–500, 1.4 எக்ஸ்டெண்டர். போன வருடம் நுவரெலியா விக்டோரியா பூங்காவில், பின்பக்க ஓடையோரம், மாலை ஐந்தரைக்கு பயட் த்ரஷ் வருமென்று காத்திருந்தேன். பறவைக்காரர்களுக்கு அந்த ஓடையைத் தெரியும். குப்பையும் நாற்றமும் இருக்கும், அதைப் பொறுத்தால் த்ரஷ், ஆறுமணிக்குருவி எல்லாம் நடந்து வரும்.

வந்தது. 700 மிமீ, எஃப் 10, ஐஎஸ்ஓ 12800, ஷட்டர் அறுபதில் ஒன்று. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஊஞ்சலாடியது. சரி, கழற்றுவோம் என்றால், இந்த லென்ஸில் எக்ஸ்டெண்டர் இருக்கும்வரை ஸூமை 300க்குக் கீழே மூட முடியாது. நீட்டிய லென்ஸை மடியில் வைத்து, எக்ஸ்டெண்டரைக் கழற்றி, மூடியைத் தேடி, திரும்ப மாட்டி நிமிர்ந்தால் ஓடைதான் இருந்தது. பையிலும் அப்படியே வைக்க முடியாது, நீட்டியபடி எந்தப் பை கொள்ளும்?

அதற்குப் பிறகு காட்டுக்குள், மாலை நேரத்தில், மூடுபனியில் எக்ஸ்டெண்டர் பையிலேயே இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் வெளியில் நிற்கிற மரை மானுக்கு அது தேவையே இல்லை, பக்கத்திலேயே வந்து நிற்கும். எனக்கு அது பயன்படுவது வெயில் நேரத்தில், அணைக்கட்டு ஓரத்தில், பறவை அசையாமல் இருக்கும்போதுதான்.

பிறகு ஒரு விஷயம். விடிகாலையில் வான் கண்ணாடியை இறக்கி உள்ளேயிருந்து எடுப்பவர்கள் கவனியுங்கள். உள்ளே சூடு, வெளியே குளிர், அந்த ஜன்னலிலேயே காற்று ஆடும். இறங்கி நின்று எடுத்தால் அதே பறவை கூர்மையாக வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் போயிற்று.

மூடுபனி_லிந்துலை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தடவை செய்தேன். கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

இடம் எங்கள் பிள்ளைக்காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின்) வெளிச் சுவர். ஞாயிறு மூடியிருக்கும், ஆயாவிடம் முதல் நாளே கேட்டுவிட்டேன். வீரகேசரி ஞாயிறு இதழில் மணமகன் தேவை, மணமகள் தேவை பக்கத்தை எடுத்து, கோதுமை மாப் பசையால் சுவரில் ஒட்டினேன். பேப்பரில் அதைவிடச் சின்ன எழுத்து வேறெங்கும் இல்லை. கயிறு பிடித்து 20 மீட்டர் அளந்து ட்ரைபொட்டை வைத்தேன். விஆர் நிறுத்தினேன், கண்ணாடி முதலில் தூக்கிக்கொள்ளும் எம்அப் நிலை, ரிமோட். காலை 6.45. வெயில் சுவரில் விழவில்லை, காற்றும் இல்லை. இதற்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து, "அண்ணே யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறீங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் லைவ் வியூவில் ஃபோகஸ். டிசி இல்லாமல் பத்து, போட்டுப் பத்து. ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸை வேண்டுமென்றே தூரத்துக்குத் திருப்பிவிட்டு, திரும்பப் பிடிக்க விட்டேன். பிறகு அதையே வியூஃபைண்டரில். மொத்தம் நாற்பது படம்.

டிசி இல்லாத படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன். எதைப் பார்ப்பது என்று முதலில் தெரியவில்லை. பிறகு புள்ளியைப் பார்க்க ஆரம்பித்தேன். "மணமகன்" என்பதில் ன்னுக்கு மேல் இருக்கிற புள்ளி, டிசி இல்லாத படத்தில் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கட்டியாகத் தெரிகிறது. டிசி போட்ட லைவ் வியூப் படத்தில் அது பிரிந்து நிற்கிறது, நடுவில் வெள்ளை தெரிகிறது. பத்தில் ஒன்பது படத்தில் அப்படி. படத்தின் ஓரத்துக்குப் போனால் டிசி போட்டதில் எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஊதாக் கோடு வருகிறது, நடுவில் இல்லை. எஃப் 9க்கு மூடினால் ஒரு மயிரிழை நன்றாக இருந்தது. எஃப் 11இல் ஒன்றும் கூடவில்லை, சேர் சொன்னபடியேதான்.

ஆனால் டிசி போட்டு வியூஃபைண்டரில் பிடித்த பத்தும் மோசம்! டிசி இல்லாமல் வியூஃபைண்டரும் லைவ் வியூவும் ஒன்று போல இருக்கின்றன. டிசி போட்டால் மட்டும் வியூஃபைண்டர்ப் படம் குழைகிறது.

பழைய_நெகட்டிவ் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். லைவ் வியூவில் கமரா சென்சரையே பார்த்து ஃபோகஸ் பண்ணுகிறது, அதில் கணக்குப் பிசகாது. வியூஃபைண்டரில் வேறொரு பாதை. டிசி நடுவில் வந்ததும் அந்தப் பாதையில் சின்னப் பிசகு வரலாம். எஃப் 8இல் டி7200க்கு நடுப் புள்ளி ஒன்றுதான் வேலை செய்யும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தீப்பெட்டி ஏழெட்டை ஒரு பலகையில் சாய்வு வரிசையாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள். நடுப் பெட்டியில் ஃபோகஸ் பண்ணுங்கள். எந்தப் பெட்டி கூர்மையாக வருகிறது என்று பார்த்து மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூனை, அதாவது ஃபோகஸ் விழுகிற இடத்தை முன்பின் நகர்த்துகிற எண்ணை, திருத்துங்கள். லென்ஸ் தனியாக ஒரு எண், டிசியோடு சேர்ந்தால் இன்னொரு எண் என்று கமரா வேறுவேறாக வைத்துக்கொள்ளும். முழு நீளத்தில் வைத்தே திருத்துங்கள், 200இல் அல்ல.

மூடுபனி_லிந்துலை எழுதியது:

ஃபோகஸ் பின்னால் போய் விழுந்திருக்கிறது சேர், நடுப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பெட்டிதான் கூர்மையாக வந்தது. மைனஸ் 7 போட்டேன். இப்போது வியூஃபைண்டரிலும் புள்ளி பிரிகிறது. பத்தில் ஆறேழு என்று சொல்லலாம், லைவ் வியூ அளவுக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். படத்தின் வலது ஓரம் இடது ஓரத்தைவிட மங்கலாக இருக்கிறது. டிசியில் கோளாறா?

பழைய_நெகட்டிவ் எழுதியது:

பேப்பரும் கமராவும் சரியாக நேர்முகமாக இல்லாவிட்டாலும் அப்படி வரும். சுவரை வைத்து அதைத் தீர்க்க முடியாது. சிவனொளிபாதமலை சீசன் நடக்கிறதல்லவா, மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை படிக்கட்டு முழுக்க விளக்கு எரியும். மஸ்கெலியாப் பக்கம் யாராவது இருந்தால் இரவில் அதைப் பிடியுங்கள். லென்ஸ் சோதிக்க அதைவிட நல்ல அட்டை வேறில்லை. கறுப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள், எல்லாமே பல கிலோமீட்டருக்கு அப்பால், அதனால் ஒன்று கிட்ட ஒன்று எட்ட என்ற பிரச்சினை இல்லை. விளக்கு வரிசையை ஒரு தடவை இடது ஓரத்தில் வைத்து எடுங்கள், ஒரு தடவை வலது ஓரத்தில். பிறகு லென்ஸ் காலரை (லென்ஸை ட்ரைபொட்டில் பிடிக்கிற வளையத்தை) தளர்த்தி, கமராவைத் தலைகீழாகத் திருப்பி அதையே செய்யுங்கள். கோளாறு படத்தின் அதே ஓரத்திலேயே நின்றால் கண்ணாடியில் பிழை. டிசி இல்லாமலும் ஒரு தடவை எடுங்கள், யாருடைய பிழை என்று தெரிந்துவிடும்.

மூடுபனி_லிந்துலை எழுதியது:

மாமா வீடு மஸ்கெலியாவில். போயாவுக்கு (பௌர்ணமிக்கு) போனேன். முதல் இரவு மலையே தெரியவில்லை, இரண்டாம் இரவு எட்டு மணிக்கு மேல் முகில் விலகியது. குளிரில் முன் கண்ணாடியில் ஈரம் படிந்தது. அத்தை துவாயோடு ஓடி வந்தார், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

இடது ஓரத்தில் விளக்கெல்லாம் குண்டூசித் தலை மாதிரி. வலது ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் சின்ன வால். தலைகீழாகத் திருப்பினாலும் வால் அதே வலது ஓரத்தில்தான். டிசியைக் கழற்றினேன். வால் அப்போதும் இருக்கிறது, சின்னதாக!

ஆகப் பிழை என் லென்ஸில். இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு எனக்குத் தெரியவில்லை. டிசி அதைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஹட்டன்_அக்கா எழுதியது:

கவலைப்படாதே தம்பி. குருவியை யாரும் ஓரத்தில் வைத்து எடுப்பதில்லை. திருத்தக் கொடுத்து, அது வேறொரு கோளாறோடு திரும்பி வந்த கதையெல்லாம் என்னிடம் இருக்கிறது.

மூடுபனி_லிந்துலை எழுதியது:

திருத்தவும் இல்லை, விற்கவும் இல்லை அக்கா. நேற்று ஹக்கலையில் மஞ்சள்காது புல்புல், பதினைந்து மீட்டர் இருக்கும், காலை ஏழரை வெயில், டிசியோடு எஃப் 9, ஐஎஸ்ஓ 1600. காதோர மஞ்சள் மயிர் தனித்தனியாக எண்ணலாம் போல இருக்கிறது. அதே கிளைக்கு ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி இறங்கியது. ஃபோகஸ் ஓடிக்கொண்டே இருந்தது, டிசியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். பின் மூடியை மட்டும் இப்போது சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அக்கா கதை கேட்ட பிறகு.

ஹப்புத்தளை_காற்று எழுதியது:

அந்த "மணமகன்" படம் இரண்டையும் பெரிதாக்கித் தரவேற்றியிருந்தாயே, நானும் பார்த்தேன். புள்ளி பிரிகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் 600ஐ வைத்து வெட்டினாலும் பிரியும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வருகிற ஞாயிறு அந்தப் பக்கம் வருகிறேன். அதே சுவர், அதே 20 மீட்டர், உன்னுடையது டிசியோடு, என்னுடையது கவ்வாத்தோடு. பார்த்துவிடுவோம்.

மூடுபனி_லிந்துலை எழுதியது:

வாங்க அண்ணே, ஆறரைக்கு முன்னால் வந்துவிடுங்கள். பக்கத்தை ஆயா திங்கட்கிழமையே சுரண்டி எடுத்துவிட்டார். வரும்போது ஒரு ஞாயிறு பேப்பரும் கால் கிலோ கோதுமை மாவும் வாங்கி வரவும்.